லண்டன் பப்கள்: புதிதாக வந்தவர்கள் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

படிக்கவோ வேலைக்கோ லண்டன் வந்து இறங்குகிற நம்மவர்களை முதல் மாதத்திலேயே யாராவது "பப்புக்கு வருகிறாயா?" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்த பப் சிறந்தது என்று தரவரிசை போடப்போவதில்லை. எனக்குப் பிடித்தவை இருக்கின்றன, பிடிக்காதவையும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

பப் என்றால் நம் ஊர் பார் மாதிரிதானே?

இல்லை. நம் ஊரில் பார் என்றால் வேகமாகக் குடித்துவிட்டுத் தெரிந்தவர் யாரும் பார்ப்பதற்குள் கிளம்புகிற இடம். இங்கே ஒரு தெருமுனை பப்பில் மதியம் மூன்று மணிக்கு நுழைந்து பாருங்கள்: பேப்பர் படிக்கிற ஒரு பாட்டி, காலடியில் நாயோடு ஒருவர், லேப்டாப்பைத் திறந்துவைத்துக் காபி குடிக்கிற ஒரு பையன், மூலையில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிற நாலு கொத்தனார்கள். ஒரு பைன்ட் பீரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் விரட்டமாட்டார்கள். நான் பப்பைத் தேர்ந்தெடுப்பதும் இதை வைத்துத்தான். சரக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத அறை எல்லா இடத்திலும் கிடைக்காது. கீழே சொல்கிற இடங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் தேறியவை.

நான் குடிக்கிறதே இல்லை. போகலாமா?

தாராளமாக. லைம் அண்ட் சோடா என்று கேளுங்கள், பைன்ட் கிளாஸில் ஐஸ் போட்டுத் தருவார்கள், விலையும் குறைவு. ஆல்கஹால் இல்லாத கின்னஸ், லக்கி செயின்ட் போன்ற பீர்கள் இப்போது பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன. "ஏன் குடிக்கவில்லை?" என்று இரண்டாவது முறை கேட்கிற வெள்ளைக்காரச் சக ஊழியரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை விடாமல் கேட்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான்.

உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்? யாரும் மேசைக்கு வருவதில்லையே?

வரமாட்டார்கள். நேரே கவுண்டருக்குப் போக வேண்டும், கேட்க வேண்டும், அப்போதே பணம் கொடுக்க வேண்டும், கிளாஸை நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டும். கவுண்டர் முன்னால் வரிசை இருக்காது, எல்லோரும் பக்கவாட்டில் பரவி நிற்பார்கள், ஆனால் யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பது நிற்கிறவர்களுக்கும் தெரியும், பாரில் வேலை செய்பவருக்கும் தெரியும். "அடுத்து யார்?" என்று கேட்கும்போது உங்களுக்கு முன்னால் வந்தவரைக் கைகாட்டினால் நல்ல பெயர் கிடைக்கும். கார்டை ஆட்டுவது, "ஹலோ பாஸ்" என்று கூப்பிடுவது, கவுண்டரைத் தட்டுவது எதுவும் வேண்டாம். கோவிட் காலத்துக்குப் பிறகு சில பப்களில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், பழைய ஆட்களுக்கு அதில் கடும் கோபம். சாப்பாடு வேண்டுமென்றால் மேசை எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள், கேட்பார்கள்.

அப்புறம் ரவுண்டு. நாலு பேர் போனால் ஒவ்வொருவரும் அவரவர் பில்லைக் கட்டுவது கிடையாது. ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். நம்மில் பலர் முதல் இரண்டு ரவுண்டில் ஓசியாகக் குடித்துவிட்டு "எனக்கு டிரெயினுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுகிறோம். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் முதல் ரவுண்டை நீங்கள் வாங்கிவிடுங்கள். குடிக்காதவருக்கும் இது பொருந்தும். செலவு இடிக்கிறது என்றால் தொடக்கத்திலேயே "நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

கவுண்டரில் இருக்கிற அந்தப் பெரிய கைப்பிடிகள் என்ன? பீர் ஏன் ஜில்லென்று இல்லை?

அந்தக் கைப்பிடியை இழுத்து ஊற்றுகிற பீருக்குக் காஸ்க் ஏல் என்று பெயர். அடித்தளத்தில் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், நொதித்தல் கடைசி வரை அங்கேயே நடந்துகொண்டிருக்கும், வெளியிலிருந்து வாயுவை அழுத்திச் செலுத்தமாட்டார்கள். 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் ஊற்ற வேண்டும் என்பதுதான் முறை. அது வெதுவெதுப்பு இல்லை, பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. கிங்ஃபிஷரை உறைய வைத்துக் குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவைக்குள் பிடித்துவிட்டால் பிடித்தது, இல்லையென்றால் லாகருக்குத் திரும்பிவிடுங்கள், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

திறந்த பீப்பாய் மூன்று நாளைக்கு மேல் தாங்காது. அதனால்தான் கூட்டம் வராத பப்பில் காஸ்க் ஏல் புளித்துப்போய் இருக்கும். பத்து கைப்பிடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிற இடத்தைவிட மூன்றே கைப்பிடியோடு ஆள் நிறைந்திருக்கிற இடத்தை நம்பலாம். வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் ருசி பார்க்கக் கேட்கலாம், சின்ன கிளாஸில் ஊற்றித் தருவார்கள். வினிகர் மாதிரி இருந்தால் மரியாதையாகச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. அது அதிகம் என்று தோன்றினால் அரை பைன்ட் கேட்கலாம். பிட்டர் (காஸ்க் ஏலில் ஒரு வகை) என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 3.5 முதல் 4.5 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். விஸ்கி, ஜின் எல்லாம் 25 மில்லியோ 35 மில்லியோதான் அளந்து ஊற்றுவார்கள். நம் ஊர்க் கட்டிங் கணக்கை இங்கே எதிர்பார்த்தால் மனசு உடைந்துவிடும்.

ஒரு பப்பில் கிடைக்கிற பீர் இன்னொரு பப்பில் ஏன் கிடைப்பதில்லை?

பல பப்கள் ஏதாவது ஒரு மதுபான ஆலைக்கோ பெரிய பப் கம்பெனிக்கோ சொந்தம், அவர்கள் சொல்கிற பீரைத்தான் விற்க முடியும். வெளியே பலகையில் ஃப்ரீ ஹவுஸ் என்றிருந்தால் அந்தக் கட்டு இல்லை, இலவசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டனில் நீண்ட நாள் ஃபுல்லர்ஸ், யங்ஸ் என்று இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன. யங்ஸின் வாண்ட்ஸ்வொர்த் ஆலை 2006இல் மூடிவிட்டது. சிஸ்விக்கில் இருக்கிற ஃபுல்லர்ஸ் ஆலையை 2019இல் ஜப்பானின் அசாஹி வாங்கிவிட்டது, பப்கள் மட்டும் ஃபுல்லர்ஸ் கம்பெனியிடமே இருக்கின்றன. அந்த ஆலையின் லண்டன் பிரைட் பீரைக் குடிக்கிறபோது நீங்கள் அசாஹிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். ருசி அப்படியேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், இதற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. லண்டன் நடுவில் எங்கே போகலாம்?

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய பப் எதற்குள் போனாலும் இங்கே இன்ன பெரிய எழுத்தாளர் குடித்தார், இன்ன கொள்ளைக்காரன் ஒளிந்திருந்தான் என்று சுவரில் ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையெல்லாம் நிஜமென்றால் அந்த மனிதர்கள் வேறு வேலையே பார்த்திருக்க முடியாது. அதை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பாருங்கள்.

ஹோபர்ன் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற பிரின்சஸ் லூயிஸ்தான் என் முதல் சிபாரிசு. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே 1891இல் செய்த வேலைப்பாடு: வண்ண ஓடுகள், பூ வேலை செய்த கண்ணாடி, நடுவில் லாட வடிவத்தில் கவுண்டர், அதைச் சுற்றி மரத் தடுப்புகளால் பிரித்த சின்னச் சின்ன அறைகள். அந்தத் தடுப்புகள் நடுவில் காணாமல்போய் 2007இல் பழையபடி திரும்பச் செய்து வைத்தவை. ஆண்கள் கழிப்பறையின் பளிங்கைப் பார்க்கவே ஆட்கள் கீழே இறங்குகிறார்கள், சும்மா சொல்லவில்லை. யார்க்‌ஷரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலையின் பப் இது. அவர்கள் வீட்டுச் சரக்கைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. பாட்டு கிடையாது, டிவி கிடையாது, போனை நோண்டுவதும் கெட்ட வார்த்தை பேசுவதும் கூடாது என்பது முதலாளியின் சட்டம். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் பாட்டுச் சத்தம் இல்லாத அறையில் மனிதக் குரல்கள் மட்டும் கேட்கும்போது அந்த மனுஷன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று படும்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் ஹாட்டன் கார்டன், வைர வியாபாரிகளின் தெரு. இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும், அதற்குள் ஓல்டு மைட்டர். 1546இல் ஈலி பிஷப்பின் வேலைக்காரர்களுக்காகத் தொடங்கியது, இப்போது நிற்கிற கட்டடம் 18ஆம் நூற்றாண்டுடையது. மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செர்ரி மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது, முதலாம் எலிசபெத் ராணி அதைச் சுற்றி ஆடினார் என்று கதை. அது கதையாகவே இருக்கட்டும். சனி, ஞாயிறு பெரும்பாலும் பூட்டியிருக்கும், வார நாளில் போங்கள்.

பிளாக்ஃப்ரையர்ஸ் ஸ்டேஷன் வாசலில் முக்கோணமாக நிற்கிற பிளாக்ஃப்ரையர் பப்பைப் பார்க்காமல் போகாதீர்கள். பழைய துறவி மடம் இருந்த இடம் என்பதால் 1905 வாக்கில் பளிங்கும் செம்புப் புடைப்புச் சிற்பமுமாக, கொழுத்த துறவிகள் மீன் பிடிப்பதும் பாடுவதுமாக உள்ளே முழுக்க இழைத்திருக்கிறார்கள். 1960களில் இடிக்கப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் தலைமையில் சிலர் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குப் போனால் பின்னறையின் கூரையை நிதானமாக அண்ணாந்து பார்க்கலாம்.

பீர்தான் முக்கியம் என்பவர்கள் சேரிங் கிராஸ் பக்கம் ஹார்ப் போகலாம், 2010ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த பப் என்று காஸ்க் ஏல் ஆர்வலர்களின் கேம்ரா அமைப்பு தேர்ந்தெடுத்தது. சின்ன இடம், பெரும்பாலும் நிற்கத்தான் வேண்டும். பரோ மார்க்கெட் பக்கம் போகிறவர்களுக்கு ஜார்ஜ் இன்: 1677இல் கட்டியது, குதிரை வண்டிகள் வந்து நிற்கிற காலத்து மாடத்தோடு லண்டனில் மிச்சமிருக்கிற ஒரே சத்திரம். முற்றத்தில் உட்கார்ந்து மாடத்தைப் பார்க்கத்தான் நான் அங்கே போவேன், பீருக்காக இல்லை.

தேம்ஸ் நதிக்கரையில் நல்ல இடம்?

என்னைக் கேட்டால் மையத்தில் இருக்கிற பாலங்களுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். வாப்பிங் போங்கள். ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி 1520 முதல் அங்கே பப் இருந்ததாகச் சொல்கிற இடம், கல் பாவிய தரை, வெளியே நதியோரம் ஒரு தூக்குக்கயிறு தொங்கும். கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட துறை இந்தப் பக்கம்தான் இருந்தது. தண்ணீர் வற்றும் நேரத்தில் படியிறங்கி ஆற்று மணலில் நடக்கலாம், ஆனால் கடல் ஏற்றம் எப்போது என்று போனில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முடித்ததும் வாப்பிங் ஸ்டேஷனில் ஓவர்கிரவுண்ட் ரயில் ஏறி ஒரே ஒரு ஸ்டாப் தள்ளி ரோதர்ஹைத்தில் இறங்குங்கள். அந்த ஒரு ஸ்டாப்பில் நீங்கள் போவது 1843இல் திறந்த சுரங்கம் வழியாக. கப்பல் போகிற ஆற்றுக்கு அடியில் உலகத்திலேயே முதலில் தோண்டியது அதுதான், தோண்டியவர் புருனெல், தந்தையும் மகனுமாக. வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் மேஃப்ளவர் பப். 1620இல் அமெரிக்காவுக்குப் போன அந்த மேஃப்ளவர் கப்பல் கிளம்பியது இந்தக் கரையிலிருந்து, பப்புக்கு அந்தப் பெயர் வைத்தது 1957இல்தான். பின்னால் ஆற்றின் மேல் மரத்தளம் இருக்கிறது, ஏற்றம் நன்றாக இருக்கிற நாளில் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் அடிக்கும். அமெரிக்கத் தபால் தலை விற்க உரிமம் வாங்கி வைத்திருக்கிற பப் இது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டுமே நெரியும்.

மேற்கே ஹாமர்ஸ்மித்தில் டவ் இருக்கிறது. நுழைந்ததும் வலது பக்கம் நாலு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற அறை, உலகின் மிகச் சிறிய பார் அறை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆக்ஸ்போர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி நாளில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். நம் ஆட்கள் இருக்கிற பக்கம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் மையத்தில் இருப்பதற்குக் குறையாதது. கிரீன் ஸ்ட்ரீட்டும் பார்க்கிங் ரோடும் சேருகிற முனையில் போலின் டாவெர்ன். 1900 வாக்கில் கட்டிய பெரிய கட்டடம். வெஸ்ட்ஹாம் கால்பந்து மைதானம் பக்கத்திலேயே இருந்ததால் ஆட்ட நாளில் தெருவே வழிந்துகொண்டிருக்கும். 2016இல் அணி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட, பப்பும் படுத்துவிட்டது. வேறு கம்பெனி வாங்கித் தடுப்புகள், கண்ணாடிகள் எல்லாவற்றையும் பழைய மாதிரி செய்து 2021இல் திறந்தார்கள். பின்னாலிருக்கும் பழைய பில்லியர்ட்ஸ் அறைக்குப் போய் வண்ணக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்காருங்கள். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் பத்து வருஷமாகத் தோசை சாப்பிடுகிறவர்கள்கூட இதற்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஹாரோ பக்கம் இருக்கிறவர்கள் ஹாரோ-ஆன்-தி-ஹில் குன்றின் மேல் இருக்கிற காசிலுக்கு ஏறலாம், 1901ஆம் ஆண்டுக் கட்டடம், ஃபுல்லர்ஸ் பப். குவீன்ஸ்பரி ஸ்டேஷன் பக்கத்தில் ரீஜென்சி கிளப் இருக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தியர்களின் பாணியில் மிக்ஸ்டு கிரில், மோகோ என்கிற மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ், கூடவே டிவியில் கிரிக்கெட். கும்பலாகப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. டூட்டிங்கில் சாப்பாடு முடிந்து மிட்சம் ரோட்டில் ஆன்டிலோப்புக்கு நடந்துவிடலாம்.

நிறம் பார்த்து ஒதுக்குவார்களா?

லண்டனுக்குள் இன்றைக்கு அப்படி நடப்பது அபூர்வம். மொட்டைத்தலைக் கூட்டம் ஆட்ட நாளில் பாடிக்கொண்டிருக்கிற இடத்துக்குள் நீங்களாகப் போகமாட்டீர்கள், நானும் போகமாட்டேன். ஆனால் ஒரு காலத்தில் இதைத் தடுக்கச் சட்டமே இல்லாமல் வெளிப்படையாக நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1960களில் பர்மிங்காம் பக்கம் ஸ்மெத்விக்கில் வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளுக்குச் சில பப்களில் தனி அறை, சிலவற்றில் அனுமதியே இல்லை. இந்தியத் தொழிலாளர் சங்கம் வேண்டுமென்றே உள்ளே போய் உட்கார்ந்து போராடியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸை அழைத்து அந்த ஊர் பப்புக்கே கூட்டிக்கொண்டு போனார்கள், ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அதே வருஷம் வந்த இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது. பிறகு அந்தப் பஞ்சாபிகளே பப்களை வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள், அப்படி வந்ததுதான் தேசி பப்: ஒரு கையில் பைன்ட், இன்னொரு கையில் தந்தூரிக் கோழி. லண்டனில் அதற்குச் சவுத்ஹால் போக வேண்டும், அங்கே ஸ்காட்ஸ்மன் இருக்கிறது. இந்திய ரூபாயையே கல்லாவில் வாங்கிக்கொண்ட கிளாசி ஜங்ஷன் அங்கேதான் இருந்தது, 2012இல் மூடிவிட்டார்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

என் தோழிகள் புத்தகத்தோடு போய் உட்காருகிறார்கள், பகலிலும் சாயங்காலமும் ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார்கள். யாராவது தொந்தரவு செய்தால் கவுண்டரில் போய் "ஆஞ்சலா இருக்கிறாரா?" என்று கேளுங்கள், பல பப்களில் ஊழியர்களுக்கு அது உதவி கேட்கிற சங்கேதம் என்று தெரியும், டாக்சி பிடித்துத் தருவது வரை பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கிளாஸ் உங்கள் கண்ணிலேயே இருக்கட்டும், இது ஆண்களுக்கும்தான்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

பகலில் பெரும்பாலான இடங்களில் போகலாம், இரவு எட்டு ஒன்பதுக்கு மேல் அனுமதிக்கமாட்டார்கள். ஒவ்வொரு பப்புக்கும் ஒரு விதி, வாசலில் கேட்டுவிடுங்கள். மது வாங்க 18 வயது ஆக வேண்டும், ஆனால் 25க்குக் கீழே தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள். நம் பையன்கள் முப்பதிலும் சின்னப் பையனாகத் தெரிவதால் கையில் ஒன்று வைத்திருங்கள்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

ஞாயிறு மதியம் ரோஸ்ட் (தோசை இல்லை, அடுப்பில் வாட்டிய இறைச்சி) சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், முன்பதிவு அவசியம், நாலைந்து மணிக்குள் தீர்ந்துவிடும். சைவத்துக்கு நட் ரோஸ்ட் என்று கொட்டைப்பருப்பில் செய்த ஒன்று தருவார்கள், பாதி இடங்களில் அது மரத்தூள். பேசாமல் ஹலூமி (ஒரு வகைச் சீஸ்) பர்கரோ சிப்ஸோ வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற இடங்கள் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். கவுண்டரில் பாக்கெட்டில் தொங்குகிற ஸ்க்ராட்சிங்ஸ் பன்றித்தோல் வறுவல், ஸ்காட்ச் எக் முட்டையைச் சுற்றியிருப்பதும் பன்றிதான். கென்சிங்டனில் வாசல் முழுக்கப் பூத்தொட்டி தொங்குகிற சர்ச்சில் ஆர்ம்ஸில் தாய்லாந்துச் சாப்பாடு போடுகிறார்கள், காரம் தேடுகிறவர்களுக்கு அது ஒரு வழி.

செலவு எவ்வளவு ஆகும்?

நடு லண்டனில் ஒரு பைன்ட் ஆறு பவுண்டைத் தாண்டிவிட்டது, ஏழும் சாதாரணமாகிவிட்டது. ஊரெங்கும் கிளைகள் உள்ள வெதர்ஸ்பூன் பப்களில் கணிசமாகக் குறைவு. ஜாலியான இடமென்று சொல்லமாட்டேன், மாணவர்களுக்குப் பிழைப்பு. காஸ்க் ஏல் பெரும்பாலும் அதே பப்பின் லாகரைவிட மலிவாக இருக்கும், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கவுண்டரில் வாங்கினால் டிப்ஸ் தேவையில்லை.

பெர்மாண்ட்சி பீர் மைல் போகலாமா?

ரயில் பாலத்து வளைவுகளுக்குள் வரிசையாகச் சின்ன ஆலைகள், பீர் அருமை. சனிக்கிழமை கல்யாணத்துக்கு முந்தைய பேச்சிலர் கும்பல்கள் பொம்மை முகமூடியோடு அலையும். வெள்ளிக்கிழமை சீக்கிரமாகப் போங்கள்.

பப்கள் எல்லாம் மூடுகின்றனவாமே?

மூடுகின்றன. நிலத்தின் விலை அப்படி. பப்பாக நடத்துவதைவிட அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றினால் லாபம் அதிகம். கில்பர்னில் கார்ல்டன் டாவெர்ன் என்ற பப்பை 2015 ஏப்ரலில் அனுமதியே இல்லாமல் கட்டட நிறுவனம் இடித்துத் தள்ளியது. தெருக்காரர்கள் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், இடித்ததை அப்படியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது, இடிபாட்டிலிருந்து எடுத்த செங்கற்களையும் ஓடுகளையும் பயன்படுத்திக் கட்டி 2021 ஏப்ரலில் திறந்தார்கள். இப்போது போனால் புதுசு என்றே தெரியாது. நன்ஹெட்டில் ஐவி ஹவுஸை விற்கப்போகிறார்கள் என்றதும் அக்கம்பக்கத்தார் அதைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்தார்கள், நாட்டிலேயே அப்படிப் பதிவான முதல் கட்டடம் அதுதான், 2013இல் பங்கு போட்டு அவர்களே வாங்கிவிட்டார்கள். மேடையோடு ஒரு பழைய நடன அறை இருக்கிறது, இசை நிகழ்ச்சி நடக்கும். ஊரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தாலும் போகலாம்.

எத்தனை மணி வரை திறந்திருக்கும்? வீட்டுக்கு எப்படிப் போவது?

வழக்கமாக இரவு பதினொன்று, ஞாயிறு பத்தரை. மூடுவதற்கு முன் மணி அடிப்பார்கள், கடைசி ஆர்டருக்கான அறிவிப்பு அது. பிறகு கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் போல விடுவார்கள். வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல், நார்தர்ன், பிக்காடிலி லைன்களில் இரவு முழுக்க ரயில் உண்டு, முழு வழியிலும் இல்லை, உங்கள் ஸ்டேஷன் வருமா என்று பாருங்கள். மற்ற நாளில் நைட் பஸ். மிச்சமிருக்கிற கேனை டியூபிலோ பஸ்ஸிலோ திறக்காதீர்கள், 2008 ஜூனிலிருந்து தடை. கார் எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம், குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் குறைந்தது ஒரு வருஷம் லைசென்ஸ் போகும், விசா விண்ணப்பத்தில் குற்றப் பதிவைக் காட்ட வேண்டியிருக்கும்.